படியும் படிப்போரும்: பள்ளி, பொது நூலகத் தொழில்நுட்பக் காப்பு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பள்ளிகளும் பொது நூலகங்களும் தம் பணிகளைக் கணினிவழி ஆற்றத் தொடங்கியபின், அக்கருவிகளைப் பேணுவதும் அவற்றிலுள்ள தரவுகளைக் காப்பதும் அன்றாட நிருவாகக் கடமைகளாகியுள்ளன. இக்கடமை பெரும்பாலும் கருவிகளைக் களவிலிருந்தும் பழுதிலிருந்தும் காப்பதாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. கருவி, தரவு, வாசகர் ஆகிய மூன்றும் காக்கப்பட வேண்டியவை என்பதையும், ஒன்றைக் காக்கும் ஏற்பாடு மற்றொன்றுக்கு ஊறு விளைக்கக்கூடும் என்பதையும் அண்மை நிகழ்வுகள் சிலவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் ஆவணங்களின் குறியேற்றச் சிக்கல், தமிழ்ச்சொற்களை வடிகட்டுவதில் எழும் இலக்கணச் சிக்கல் ஆகியவற்றைச் சுட்டி, இத்துறையில் தமிழாய்வாளருக்கும் பங்கு உண்டு என நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: பொது நூலகம், பள்ளி, தொழில்நுட்பக் காப்பு, காப்புப்படி, தனியுரிமை, வடிகட்டி, குறியேற்றம்.

1. முன்னுரை

தமிழாய்வு இன்று நூலகத்தின் அடுக்குகளை மட்டும் நம்பி நடைபெறுவதில்லை. ஓர் ஆய்வாளர் தமக்கு வேண்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பு எங்குள்ளது என்பதை இணையப் பட்டியலில் தேடி அறிகிறார். அதன் மின்படியைத் திரையில் படிக்கிறார். குறிப்புகளைக் கணினியில் சேமிக்கிறார். பள்ளி மாணவர் ஒருவரின் வருகை, மதிப்பெண், உதவித்தொகை ஆகிய அனைத்தும் மின்பதிவுகளாகவே உள்ளன. எனவே, இக்கட்டமைப்பு ஒருநாள் முடங்குமாயின் கல்வியும் ஆய்வும் உடன் முடங்கும்.

இப்பொருள் கணினித் துறையினருக்கே உரியது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பூட்டும் திறவும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் கூறுவது அத்துறையினர் பணியே. ஆயின், எதைக் காக்க வேண்டும், யாருக்காகக் காக்க வேண்டும் என்னும் வினாக்கள் நூலையும் வாசகரையும் பற்றியன. அவற்றுக்கு விடை காணாமல் வாங்கப்படும் பாதுகாப்புக் கருவிகள் பயனளிப்பதில்லை. சில வேளைகளில் தீங்கும் விளைக்கின்றன. இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. காக்கப்படும் பொருள்கள்

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலில் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பயன்பாட்டுக்குரியவை என்பது அவற்றுள் முதலாவது. இதனை விளக்கும்போது, முற்காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் நூல்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நிலையை அவர் எடுத்துக்காட்டுகிறார். நூல் காக்கப்பட்டது; ஆனால் அதன் பயன் சுருங்கியது. பழுதாகிவிடும் என்னும் அச்சத்தால் அலமாரியில் பூட்டி வைக்கப்படும் பள்ளிக் கணினியும் இத்தகையதே. அதனைக் கணக்குப் பதிவேட்டில் காணலாம். மாணவர் கையில் காண இயலாது.

இவ்விதியை அடிப்படையாகக் கொண்டு நோக்கின், பள்ளியிலும் நூலகத்திலும் காக்கப்பட வேண்டியவற்றை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது கருவி: கணினி, வழங்கி, பிணையம், அச்சுப்பொறி முதலியன. இரண்டாவது தரவு: நூற்பட்டியல், மின்படிகள், நிருவாகப் பதிவுகள் முதலியன. மூன்றாவது வாசகர்: படிக்கும் உரிமையும், படித்தது எது என்பதைப் பிறர் அறியாதிருக்கும் உரிமையும் உடைய மாணவரும் பொதுமக்களும். கருவி கெட்டால் விலைக்கு வாங்கலாம். தரவு அழிந்தால் படி இருந்தால் மட்டுமே மீட்கலாம். வாசகரைப் பற்றிய மறைசெய்தி வெளிப்பட்டுவிட்டால் அதனை எவ்வாற்றானும் மீட்க இயலாது. எனவே காப்பின் முதன்மை வரிசை வாசகர், தரவு, கருவி என அமைதல் வேண்டும். நடைமுறையில் இவ்வரிசை தலைகீழாக இருப்பதே பல இடர்களுக்குக் காரணமாகிறது.

3. பிரித்தானிய நூலக நிகழ்வு

இலண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தின் கணினிக் கட்டமைப்பு 2023 அக்டோபர் 28ஆம் நாள் பெருந்தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கோப்புகளைப் பிறர் திறக்க இயலாதவாறு மறையாக்கம் செய்து, திறவுகோலுக்குப் பணம் கேட்கும் ‘ரேன்சம்வேர்’ என்னும் பணயத் தீநிரல் வகையைச் சார்ந்தது இத்தாக்குதல். ரைசிடா என்னும் குழு இதற்குப் பொறுப்பேற்றது. சுமார் 600 ஜிகாபைட் அளவுள்ள கோப்புகள் களவாடப்பட்டன. அவற்றை 20 பிட்காயின் தொடக்க விலையில் அக்குழு ஏலத்துக்கு விட்டது. அன்றைய மதிப்பில் இது சுமார் 6 இலட்சம் பவுண்டு. நூலகம் பணம் தர மறுத்தது. பணியாளர், பயனாளர் பற்றிய செய்திகளை உள்ளடக்கிய கோப்புகள் பின்னர் இணையத்தின் மறைவான பகுதியில் வெளியிடப்பட்டன.

நிகழ்ந்ததை மறைக்காமல், 2024 மார்ச்சில் அந்நூலகம் விரிவானதோர் அறிக்கையை வெளியிட்டது. பிற நூலகங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் நோக்குடன் எழுதப்பட்ட அவ்வறிக்கையிலிருந்து மூன்று செய்திகளை இங்குக் குறிப்பிடலாம்.

முதலாவது, நுழைவாயில் பற்றியது. வெளியிலிருந்து பணியாற்றும் பங்காளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் உள்ளே நுழைவதற்கென 2020இல் நிறுவப்பட்ட ஒரு வழங்கியில்தான் அத்துமீறிய நுழைவு முதலில் கண்டறியப்பட்டது. கடவுச்சொல்லுடன் இரண்டாவது சான்று ஒன்றையும் கேட்கும் பலகட்ட உறுதிப்பாடு, நூலகத்தின் மேகக்கணினிச் செயலிகளுக்கு நடைமுறையில் இருந்தது. ஆனால் இவ்வாயிலுக்கு அது பொருத்தப்படவில்லை. செலவும் நடைமுறை இடர்ப்பாடும் காரணங்களாகக் கூறப்பட்டன.

இரண்டாவது, பரவல் பற்றியது. பல்லாண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த பழைய கட்டமைப்பில் பகுதிகள் தம்முள் போதுமான அளவு பிரிக்கப்படவில்லை. எனவே ஓரிடத்தில் நுழைந்தோர் பிற பகுதிகளிலும் பரவ முடிந்தது.

மூன்றாவது, மீட்பு பற்றியது. மின்வடிவிலான சேகரிப்புகளுக்கும் அவற்றின் விவரக்குறிப்புகளுக்கும் பாதுகாப்பான படிகள் இருந்தன. ஆயினும் அவற்றை மீண்டும் நிறுவி இயக்குவதற்கான கட்டமைப்பு இல்லை. தாக்கியோர் வழங்கிகளை அழித்திருந்தனர். பழைய மென்பொருள்கள் பலவற்றை உருவாக்கிய நிறுவனங்களின் ஆதரவு முன்னரே நின்றிருந்தது. முதன்மை நூற்பட்டியல் 2024 சனவரி 15ஆம் நாளில்தான், அதுவும் தேடுவதற்கு மட்டும் பயன்படும் இடைக்கால வடிவில், திரும்பியது.

தமிழில் ‘படி’ என்னும் சொல் நகலையும் குறிக்கும், வாசித்தலையும் குறிக்கும். இந்நிகழ்வில் முதற்படி இருந்தது. இரண்டாம் படிக்கு வழியில்லாமற்போயிற்று. நகல் இருத்தல் மட்டும் காப்பாகாது என்பதும், அது மீண்டும் படிக்கப்படும் நிலையை அடைந்தபோதே காப்பு முழுமையடையும் என்பதும் இதனால் பெறப்படும்.

தமிழாய்வுக்கும் இந்நிகழ்வுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தொடக்ககாலத் தமிழ் அச்சு நூல்களின் பெருந்தொகுதி அங்குள்ளது. பிரித்தானிய அருங்காட்சியக நூலகமாக அது இருந்த காலத்தில், எல்.டி. பார்னெட்டும் ஜி.யு. போப்பும் தொகுத்த தமிழ் நூற்பட்டியல் 1909இல் வெளிவந்தது. அதன் துணைப்பட்டியல் 1931இல் வெளிவந்தது. இணையப் பட்டியல் முடங்கிய காலத்திலும் இவ்வச்சுப் பட்டியல்கள் பயன்தரும் நிலையிலேயே இருந்தன. அந்நூலகத்தின் வழி நடைபெறும் அழிநிலை ஆவணத் திட்டத்தில் தமிழ்நாட்டு ஆவணங்களும் மின்படியாக்கப்பட்டுள்ளன. தாக்குதலுக்குப்பின் அத்திட்டத்தின் இணையவழிப் படங்கள் நெடுங்காலம் கிட்டாமற்போயின. எனினும் மூல ஆவணம் அதன் நாட்டிலேயே இருத்தல் வேண்டும், மின்படி ஒன்று அந்நாட்டு நிறுவனத்திடமும் ஒப்படைக்கப்படுதல் வேண்டும் என்பது அத்திட்டத்தின் நெறியாகும். ஓரிடத்து முடக்கம் முழு இழப்பாகாமல் தடுப்பது இத்தகைய பரவலே.

இதே 2023 அக்டோபர் 28ஆம் நாளன்று கனடாவின் டொராண்டோ பொது நூலகமும் பணயத் தீநிரலுக்கு இலக்காயிற்று. நூறு கிளைகளைக் கொண்டதும், தமிழ் நூல் தொகுதிகளைத் தமிழ் வாசகருக்கு வழங்கிவருவதுமான நூலகம் அது. கிளைகள் திறந்திருந்தன, நூல்கள் இருந்தன. ஆயினும் திரும்பிவந்த நூல்களைப் பதிவு செய்ய இயலாததால், சுமார் 10 இலட்சம் நூல்களும் பிறவும் சரக்கு ஊர்திப் பெட்டிகளில் மாதக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டன. பட்டியல் இழந்த நூலகத்தில் நூலும் மறைந்துபோகிறது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மாறாக, 2017 சனவரியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பொது நூலகத்தில் சுமார் 700 கணினிகள் முடக்கப்பட்டன. 35,000 டாலர் கேட்கப்பட்டது. நூலகம் பணம் தர மறுத்து, தன் காப்புப்படிகளிலிருந்து கட்டமைப்பை மீண்டும் நிறுவியது. சில நாள்களில் நூல் வழங்கல் மீண்டது. இரு நூலகங்களும் அளவாலும் கட்டமைப்பாலும் வேறுபட்டவை. ஆதலால் நேரொப்பீடு பொருந்தாது. ஆயினும், மீட்கும் வழி முன்னரே ஆயத்தமாக இருந்தால் இழப்பின் காலம் சுருங்கும் என்பது தெளிவு.

4. தமிழ் ஆவணங்களும் குறியேற்றமும்

படியெடுத்துக் காத்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. பனையோலை பூச்சியாலும் காலத்தாலும் சிதையும் இயல்புடையது. ஆதலின் ஏடுகள் தலைமுறைதோறும் படியெடுக்கப்பட்டன. ஒரு நூலின் படிகள் மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் வெவ்வேறு ஊர்களில் பரவிக் கிடந்தமையால்தான், சீவக சிந்தாமணியை 1887இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் உ.வே. சாமிநாதையர் பல படிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்க முடிந்தது. மாறாக, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, சுமார் 97,000 நூல்களுடன், வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அழிந்தன. ஈழத்து எழுத்துகளை மின்படியாக்கிப் பரவலாக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கப்பட்டது. ஒற்றைப்படியின் இடரை உணர்ந்த சமூகத்துக்கு அத்திட்டத்தின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

இன்றைய தகவல் தொழில்நுட்பத்தில் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ எனக் கூறப்படும் விதி இம்மரபோடு ஒத்தது. தரவுக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவகை ஊடகங்களில் அமைதல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும். பணயத் தீநிரல் பிணையத்தின் வழிப் பரவுவதால், ஒரு படியேனும் பிணையத்தோடு இணைக்கப்படாமல் இருத்தல் இன்றியமையாதது. எந்நேரமும் கணினியில் செருகப்பட்டிருக்கும் வெளிவட்டு காப்புப்படி ஆகாது. தாக்குதல் நேரும்போது அதுவும் சேர்ந்தே முடக்கப்படும்.

தமிழ் ஆவணங்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தமிழ் எழுத்துகள் 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றன. ஆயினும் அதன்பின் பல்லாண்டுகள் பாமினி, டாம், டாப், தகுதரம் முதலிய வெவ்வேறு எழுத்துரு முறைகளிலேயே தமிழ்க் கோப்புகள் உருவாக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு 2010இல்தான் ஒருங்குறியையும் அனைத்து எழுத்துரு பதினாறு பிட்டு முறையையும் தரமாக ஏற்றது. பழைய முறையில் அமைந்த கோப்பு அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளின் தொகுதியாகவே தோன்றும். பள்ளியின் பழைய ஆண்டுமலர், துறையின் பழைய ஆய்வேடு, கிளை நூலகத்தின் பழைய இருப்புப் பட்டியல் ஆகியன இவ்வாறு குறுந்தகடுகளில் கிடக்கின்றன. அவற்றுக்குப் படியிருந்தும் படிக்க இயலாது. பிரித்தானிய நூலகம் பெருந்தாக்குதலால் எதிர்கொண்ட நிலையை இக்கோப்புகள் எவர் தாக்குதலுமின்றியே அடைந்துள்ளன. எனவே, பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றத்தில் நேர்ந்த பிழைகளை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துதல் தமிழ்நிலத்தில் தொழில்நுட்பக் காப்பின் ஒரு பகுதியாகவே கருதப்படுதல் வேண்டும். ஒப்பிட்டுத் திருத்தும் பணிக்குப் பதிப்பியல் பயின்றோரே தக்கவர்.

5. வாசகர் பதிவுகள்

தரவைக் காத்தல் என்பதற்கு முன்னர், எத்தரவைச் சேர்த்தல் வேண்டும் என்னும் வினா உள்ளது. அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டமான லாஸ் ஏஞ்சலிஸ் 2022 செப்டம்பரில் பணயத் தீநிரலால் தாக்கப்பட்டது. பணம் தர மறுக்கப்பட்டபின் கோப்புகள் வெளியிடப்பட்டன. அவற்றுள் சுமார் 2,000 மாணவர்களின் உளவியல் மதிப்பீட்டுப் பதிவுகளும் அடங்கியிருந்ததைப் பள்ளி மாவட்டம் பின்னர் உறுதிசெய்தது. கடவுச்சொல்லை மாற்றலாம், கணினியை மாற்றலாம். ஒரு குழந்தையின் மனநிலை பற்றிய குறிப்பு ஒருமுறை வெளிப்பட்டபின் அதனை மாற்ற இயலாது.

இத்தீங்கு வெளியாரால் நேர்ந்தது. பாதுகாப்புக் கருவியாலேயே நேர்ந்த தீங்குக்குப் பென்சில்வேனியா மாநிலத்தின் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் சான்றாகிறது. அம்மாவட்டம் உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கு மடிக்கணினிகளை வழங்கியது. களவுபோனால் கண்டுபிடிப்பதற்கென, கணினியின் படக்கருவியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் அவற்றில் நிறுவப்பட்டிருந்தது. மாணவர் தம் இல்லங்களில் இருந்தபோதும் அது படமெடுத்தது 2010இல் தெரியவந்தது. 50,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டிருந்தன. வழக்குகள் 6,10,000 டாலர் உடன்பாட்டில் முடிந்தன. இங்குக் கருவி காக்கப்பட்டது. அதனைக் கையாண்ட மாணவர் காக்கப்படவில்லை. இம்மென்பொருளை யார், எப்போது, யார் ஒப்புதலுடன் இயக்கலாம் என்னும் எழுத்துவடிவ நெறி இல்லாமையும், பெற்றோருக்கு முன்கூட்டி அறிவிக்காமையும் இதற்குக் காரணங்களாயின.

பொது நூலகத்தில் வாசகர் எந்நூலை எடுத்தார் என்னும் பதிவு இத்தகைய நுண்மை உடையது. நோய், சட்டச் சிக்கல், சமயம், அரசியல் ஆகியன பற்றி ஒருவர் படிக்கும் நூல்கள் அவர் வாழ்வைக் காட்டிக்கொடுக்கும். நூல் திரும்பியபின் அப்பதிவு நூலகத்துக்குப் பெரிதும் தேவைப்படுவதில்லை. நியூசிலாந்தில் உருவாகி, 2000இல் பயன்பாட்டுக்கு வந்து, இன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ள கோகா என்னும் கட்டற்ற நூலக மென்பொருள், திரும்பிய நூல்களின் பதிவிலிருந்து வாசகர் அடையாளத்தை நீக்கும் வசதியைக் கொண்டுள்ளது. எந்நூல் எத்தனை முறை எடுக்கப்பட்டது என்னும் புள்ளிவிவரம் எஞ்சும்; எவர் எடுத்தார் என்பது நீங்கும். இல்லாத பதிவை எவராலும் களவாட இயலாது.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோரைக் குழந்தைகள் என வரையறுக்கிறது. அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணித்தல் கூடாது என்றும் அது கூறுகிறது. சிலவகை நிறுவனங்களுக்கு விலக்களிக்க இச்சட்டம் இடமளிக்கிறது. எனினும் விலக்கு என்பது தேவைக்கு மேல் சேர்ப்பதற்கான உரிமமாகக் கொள்ளத்தக்கதன்று. பள்ளி ஒவ்வொன்றும் தான் சேர்க்கும் விவரத்தின் நோக்கத்தையும் அதனை நீக்கும் காலத்தையும் எழுதிவைத்தல் நலம்.

6. வடிகட்டியும் தமிழ்ச்சொல்லும்

குழந்தைகளைத் தகாத உள்ளடக்கத்திலிருந்து காக்கப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் வடிகட்டி மென்பொருள்கள் நிறுவப்படுகின்றன. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம், கூட்டரசின் குறிப்பிட்ட நிதியுதவிகளைப் பெறும் பள்ளிகளும் நூலகங்களும் வடிகட்டியைப் பொருத்த வேண்டும் என்றது. அதனை எதிர்த்து அமெரிக்க நூலகச் சங்கம் தொடுத்த வழக்கில், 2003இல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. வயதுவந்த வாசகர் கேட்டால் தடையை நீக்கலாம் என்பது அத்தீர்ப்பில் கருதப்பட்ட முதன்மையான செய்தியாகும். தேவையான தடை, தேவையற்ற தடை ஆகியவற்றுக்கு இடையேயான எல்லை அன்றுமுதல் விவாதிக்கப்பட்டு வருகிறது.

வடிகட்டிகளில் ஒருவகை, தடைச்சொற்களின் பட்டியலோடு பக்கத்தின் சொற்களை ஒப்பிடுவது. இம்முறையைத் தமிழுக்குப் பொருத்தினால் எழும் இடர்களை இலக்கண நோக்கில் விளக்கலாம். மதுவைக் குறிக்கும் ‘கள்’ என்னும் சொல்லைத் தடைப்பட்டியலில் சேர்ப்பதாகக் கொள்வோம். எழுத்துத் தொடர்ச்சியை மட்டும் நோக்கும் வடிகட்டி, பன்மை விகுதியாகிய ‘கள்’ இடம்பெறும் ‘நூல்கள்’, ‘மாணவர்கள்’ ஆகிய சொற்களையும் தடுக்கும். ‘நூல்களை’ என வேற்றுமை உருபு ஏற்றால் ளகர மெய்யின் புள்ளி நீங்கி உயிர்மெய்யாவதால் தடுக்காது. ஒரே சொல் எழுவாயில் தடைபட்டு, இரண்டாம் வேற்றுமையில் தடையின்றிச் செல்லும். முழுச்சொல்லை மட்டும் ஒப்பிடும் வடிகட்டியாயின், ‘கொலை’ என்னும் சொல்லைத் தடுத்து, ‘கொலையை’, ‘கொலைகாரன்’ என்பவற்றை விட்டுவிடும். மேலும், ‘கொ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் ஒகரக்குறியை ஒரே குறியீடாகக் கொண்டும், எகரக்குறி, ஆகாரக்குறி என இரு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயல்பாக்கம் செய்யாத வடிகட்டிக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

பொருள் நோக்கில் எழும் இடர் இதனினும் பெரிது. உடலுறுப்புப் பெயர்கள் சங்க அகப்பாடல்களிலும் பக்தி இலக்கியங்களிலும் இயல்பாகப் பயின்று வருகின்றன. அவற்றைத் தடைச்சொற்களாகக் கொண்டால், மேனிலைப்பள்ளி மாணவர் செவ்வியல் இலக்கியத் தளங்களை அணுக இயலாது. கள்ளையும் கொலையையும் விலக்கச் சொல்லும் திருக்குறளின் ‘கள்ளுண்ணாமை’, ‘கொல்லாமை’ அதிகாரங்களும் தடைபடக்கூடும். ஆகவே தமிழுக்கான வடிகட்டி, சொல்லின் பகுதி, விகுதி, சூழல் ஆகியவற்றை நோக்கும் மொழியியல் அடிப்படையில் அமைதல் வேண்டும். தவறான தடையை ஆசிரியரோ நூலகரோ உடனே நீக்கும் உரிமையும் வேண்டும். குழந்தைக் காப்பு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை; அது இலக்கிய வாசிப்பை விலையாகக் கேட்கும் நிலை தவிர்க்கப்படுதல் வேண்டும்.

7. நிருவாக நெறிகள்

மேற்கண்ட விளக்கங்களின் அடிப்படையில், சிறிய பள்ளியும் கிளை நூலகமும் பெருஞ்செலவின்றிப் பின்பற்றத்தக்க நெறிகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

அ) கருவிப் பதிவேடு: ஒவ்வொரு கருவியின் இடம், பொறுப்பாளர், வாங்கிய ஆண்டு, இயங்குதளம், அதன் ஆதரவு முடியும் நாள் ஆகியன பதியப்படுதல் வேண்டும். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அதில் இயங்கும் கணினிகள் எத்தனை என்பதை அறியாத நிறுவனம் தன் இடரையும் அறியாது. பழைய கணினிகளில் லினக்சு வகை இயங்குதளங்களை நிறுவுதல் ஒரு மாற்று. கேரள அரசுப் பள்ளிகள் நெடுங்காலமாகக் கட்டற்ற மென்பொருள்களைப் பயன்படுத்திவருகின்றன. ‘லிட்டில் கைட்சு’ என்னும் மாணவர் மன்றங்களின் வழி மாணவரையும் தொழில்நுட்பப் பயிற்சியில் ஈடுபடுத்துகின்றன.

ஆ) கணக்குகள்: மென்பொருளை நிறுவும் உரிமையுடைய நிருவாகக் கணக்கு வேறாகவும், அன்றாடப் பணிக்கான கணக்கு வேறாகவும் இருத்தல் வேண்டும். பணிமாறுதல் பெற்றோரின் கணக்கு அன்றே மூடப்படுதல் வேண்டும். வெளியிலிருந்து நுழையும் ஒவ்வொரு வாயிலுக்கும் பலகட்ட உறுதிப்பாடு வேண்டும்.

இ) பொதுக் கணினிகள்: வாசகர் பயன்படுத்தும் கணினிகள் மறுதொடக்கத்தின்போது பழைய நிலைக்குத் திரும்பும் வகையில் அமைக்கப்படுதல் வேண்டும். டீப் ஃப்ரீசு போன்ற மென்பொருள்கள் இதற்கு உதவுகின்றன. முன்னவர் விட்டுச்சென்ற கடவுச்சொல்லும் கோப்பும் பின்னவருக்குக் கிட்டாது, தீநிரலும் தங்காது.

ஈ) பிணையப் பிரிப்பு: அலுவலகப் பதிவுகள் உள்ள பிணையமும், வாசகரும் மாணவரும் பயன்படுத்தும் பிணையமும், கண்காணிப்புப் படக்கருவிகளின் பிணையமும் தனித்தனியே அமைதல் வேண்டும்.

உ) மீட்புப் பயிற்சி: காப்புப்படியிலிருந்து ஒரு பதிவேட்டை வேறொரு கணினியில் முழுமையாக மீட்டு, தமிழ் எழுத்துகள் சிதையாமல் தோன்றுகின்றனவா என்று அரையாண்டுக்கு ஒருமுறை சோதித்தல் வேண்டும்.

ஊ) முடக்கக்கால ஏற்பாடு: கணினியின்றி நூல் வழங்குவதற்கான தாள்பதிவேடும், இன்றியமையாத பட்டியல்களின் அச்சுப்படியும் வேண்டும். குறிப்பிட்டவகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அக்குழுவின் 2022 ஏப்ரல் ஆணையாகும். பாதிக்கப்பட்ட வாசகருக்கும் பெற்றோருக்கும் உண்மையை விரைந்து தெரிவித்தலும் காப்பின் பகுதியே.

இவற்றை யார் செய்வது என்பது அடுத்த வினா. கிளை நூலகத்தில் பெரும்பாலும் ஒருவரே அனைத்துப் பணிகளையும் ஆற்றுகிறார். பள்ளியில் கணினிப் பொறுப்பு ஓர் ஆசிரியரின் கூடுதல் சுமையாகவே உள்ளது. அவர்மேல் இந்நெறிகள் அனைத்தையும் சுமத்துதல் முறையன்று. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நூலக வரிக்கும், அதனைக் கொண்டு செயற்படும் நூலக ஆணைக்குழுக்களுக்கும் வழிவகுத்தது. மாவட்ட நூலக ஆணைக்குழு ஒவ்வொன்றிலும் தொழில்நுட்பக் காப்புக்கென ஒரு பொறுப்பாளரை அமர்த்தி, கிளைகளின் காப்புப்படி, கணக்கு, புதுப்பிப்பு ஆகியவற்றை அவர் வழி மேற்கொள்ளுதல் நடைமுறைக்கு ஏற்றது. கருவி வாங்கும் நிதியோடு பேணும் நிதியும் ஒதுக்கப்படுதல் வேண்டும்.

8. முடிவுரை

பள்ளியிலும் பொது நூலகத்திலும் தொழில்நுட்பக் காப்பின் அளவுகோல் வாசிப்பே என்பது இக்கட்டுரையால் பெறப்படும் முடிவாகும். முடக்கத்துக்குப்பின் வாசகர் எத்தனை நாளில் மீண்டும் படிக்க முடிகிறது, படிக்கும்போது எவருடைய கண்காணிப்புமின்றிப் படிக்க முடிகிறது, படிக்கத் தக்கது தவறாகத் தடைபடாமல் கிட்டுகிறது ஆகிய மூன்றுமே ஓர் ஏற்பாட்டின் தகுதியைக் காட்டும். பிரித்தானிய நூலக நிகழ்வு முதலாவதன் தேவையையும், லோயர் மெரியன் நிகழ்வு இரண்டாவதன் தேவையையும், தமிழ்ச்சொல் வடிகட்டலின் இடர்கள் மூன்றாவதன் தேவையையும் உணர்த்துகின்றன. பழைய எழுத்துருக் கோப்புகளை ஒப்பிட்டுத் திருத்துதல், சொல்லமைப்பை உணரும் தமிழ் வடிகட்டிக்கான இலக்கண அடிப்படையை வகுத்தல் ஆகிய இரண்டும் தமிழ்த்துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க ஆய்வுக்களங்களாகும். இவற்றில் கணினித்துறையினர் தமிழாய்வாளரின் துணையின்றி நெடுந்தொலைவு செல்ல இயலாது.